புல் பூத்த புதன்கிழமை

...இல்லை, இது புல்தான், சந்தேகமே வேண்டாம், உருண்டையாக, ஒற்றைத் துளையோடு, துளையைச் சுற்றி ஒரு தடித்த வளையம் போட்டுக்கொண்டு, இளஞ்சிவப்புச் சாயத்தில் குளித்து எழுந்த மாதிரி கண்ணாடித் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, செராய்னா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள், மறுபடி வைத்தாள், எடுத்து வைத்தால் அது வேறு ஏதாவதாக மாறிவிடுமா என்ன, மாறவில்லை, பக்கத்தில் இன்னொன்று, சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு, நேற்றுவரை இந்தத் தகட்டில் பைன் மரத்து மகரந்தத் தூள்தான் நிறைந்திருந்தது, இரண்டு பக்கமும் காற்றுப் பை கட்டிக்கொண்டு பறக்கிற அந்தக் குண்டுத் தூள், அதனால் யாருக்கும் ஒரு தும்மல்கூட வராது, மஞ்சளாக ஜன்னல் விளிம்பிலும் கார் கண்ணாடியிலும் படிந்து ஊரையே பயமுறுத்தும், ஆனால் பரம சாது... இதுவோ கண்ணுக்கே தெரியாது, சத்தம் போடாமல் வரும், வந்தபின் பாதி ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலையும். ஆஸ்பத்திரிக் கூரையில் அந்தப் பொறி இப்போதும் மெல்ல உறுமிக்கொண்டிருப்பது மேல்தளத்து இந்தச் சின்ன அறைவரை கேட்கிறது, வால் வைத்த பீப்பாய் போல ஒரு சாமான், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வாயைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தாக்கின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உள்ளே பசை தடவிய நாடா, அதில் ஒட்டியதை வெட்டி எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை, சொன்னால் ஊர் கேட்கும். ஆனால் ஜூன் பாதிகூட ஆகவில்லையே, எதிர் மலையில் வடக்குச் சரிவில் இன்னும் பனித் திட்டு கிடக்கிறதே, இந்தப் புல்லுக்கு என்ன அவசரம், சனிக்கிழமை தாண்டி வரக்கூடாதா, மூன்று நாள், மூன்றே நாள் பொறுத்துக்கொள்ளக் கூடாதா...

சனிக்கிழமை ஃப்ளுரீனா கூர் நகரத்திலிருந்து வருகிறாள், மகள் வருகிறாள் என்றுதான் பியானோ சுருதி சேர்க்கிற எமிலைச் சாப்பிடக் கூப்பிட்டாள், கூப்பிட்டது என்றால் வாய் விட்டு ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை, வாற்கோதுமை சூப் வைப்பேன், நீங்களும் வாங்களேன், அவளுக்கும் உங்களைப் பார்க்கணுமாம் என்று, பார்க்கணும் என்று ஃப்ளுரீனா சொன்னது உண்மைதான், ஆனால் சொன்ன விதம்... யாரும்மா அந்த மூக்கடைப்புக்காரர், மூணு வருஷமா ஃபோன்ல அவர் பேச்சுதான், நான் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போறேன், சரியா இல்லன்னா நானே ரயிலேத்தி விட்டுர்றேன்... ரயிலேற்றி விட மகள் வேண்டியதில்லை, புல் போதும். வருஷா வருஷம் அப்படித்தானே, ஏப்ரலில் பாசெலில் பிர்ச் மரம் பூக்கும்போது கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் சிவப்பு ரயிலில் ஏறி இங்கே வருவார், கீழே பிர்ச் முடிந்து புல் தொடங்கினாலும் இங்கே மேலே ஒன்றும் இராது, காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும், ஹோட்டல்கள் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் காலம், ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளேயிருக்கிற பியானோவுக்கு சுருதி சேர்ப்பார், பிறகு ஒரு நாள் வானொலியில் செராய்னா புல் வந்துவிட்டது என்பாள், அன்றைக்கே சாயங்கால ரயிலில் இறங்கிப் போய்விடுவார், அதற்குள் கீழே புல்லை அறுத்து முடித்திருப்பார்கள். மூன்று வருஷமாக அவள்தான் அவரை அனுப்பி வைத்திருக்கிறாள், தன் வாயால், பள்ளத்தாக்கே கேட்க.

முதல் தடவை அவர் வந்தது இந்த அறைக்குத்தான், பூம்பொடி சொல்ற அம்மா எங்க இருக்காங்கன்னு வானொலிக்காரங்கள கேட்டேன், இங்க அனுப்பினாங்க என்று வாசலில் நின்றார், நெட்டையான ஆள், தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஏதாவது புகாரோ என்று நினைத்தாள், போன வாரம் குறைவு என்றீர்களே எனக்குக் கண் வீங்கிவிட்டதே என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, இவர் அதற்கு வரவில்லை, எனக்கு அத ஒரு தடவ பாக்கணும், அவ்வளவுதான், நாப்பது வருஷமா என்னப் படுத்துறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரிய வேண்டாமா என்றார். பழைய தகடு ஒன்றை எடுத்து வைத்தாள், குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், எவ்வளவு நேரம், காபி ஆறிப்போகிற அளவு நேரம், அப்புறம் நிமிர்ந்து, அடடா, இவ்வளவு லட்சணமாவா இருக்கான், இவன்கிட்ட தோத்ததுல ஒண்ணும் கேவலம் இல்ல என்றார். நாற்பது வருஷம் தன்னை அழ வைத்ததைப் பார்த்து இப்படி ஒருவரால் சொல்ல முடியுமா, அவள் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறாள், சே சனியன் என்பார்கள், நசுக்குவது போல விரலைத் தகட்டின் மேல் வைப்பார்கள், இவர் மட்டும் ஒரு நல்ல பாட்டுக்காரனைக் கேட்ட மாதிரி தலையை ஆட்டினார், அன்றைக்கே அவளுக்கு... அன்றைக்கே என்ன, ஒன்றுமில்லை, அன்றைக்கு அவர் போனபிறகு அவளும் அந்தத் தகட்டை எடுத்து வைத்து மறுபடி பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே அவள் சாயங்காலம் அந்தப் பக்கம் போவதுண்டு, ஒரு கட்டையை அழுத்துவார், காதைச் சாய்ப்பார், அப்படியே நின்றுவிடுவார், மேயும் மானைக் கண்டுவிட்டவர் போல, அந்த ஒரு சுரத்துக்குள்ளே இரண்டு மூன்று கம்பி இருக்கிறதாம், கம்பிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையென்றால் சத்தத்துக்குள் ஓர் அலை அடிக்குமாம், வ்வா... வ்வா... என்று, கேக்குதா என்பார், அவளுக்குக் கேட்காது, கேக்குது என்று பொய் சொல்லுவாள், சாவியைப் போட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார், அலை நீண்டுகொண்டே போய் நின்றுவிடும், அது நிற்கிற இடத்தில் அவர் முகத்தில் ஓர் அமைதி வரும் பாருங்கள், அந்த அமைதிக்காக ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கக் குனிந்து உட்காரலாம் என்று அவளுக்குத் தோன்றும். அந்த அலை மூக்கடைத்தால் கேட்காது, மூக்கு அடைத்தால் காதும் அடைத்துக்கொள்ளும், பஞ்சு வைத்த மாதிரி, ஏப்ரலில் பாசெலில் இருந்தால் நான் வெறும் மரத்தச்சன், இங்க வந்தாதான் எனக்குக் காதே திறக்குது என்று ஒரு தடவை சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அவர் எதையும் அழுது சொல்லி அவள் கேட்டதில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டும்போதுகூட.

நேற்று சாயங்காலம் ஊர் மண்டபத்தில் அந்தப் பெரிய கறுப்புப் பியானோவின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தை உள்ளே விட்டபடியே கேட்டார், இந்த வருஷம் புல்லு கொஞ்சம் லேட்டாத்தான் வருமோ... ஒன்றும் கேட்காத மாதிரி ஒரு கேள்வி. என்ன அர்த்தம் அதற்கு, சனிக்கிழமைக்காகக் கேட்டாரா, இந்தப் பியானோ முடியவேண்டுமே என்று கேட்டாரா, அவள் பதிலுக்கு, தெரியலியே, பனி உருகினது சீக்கிரம், பாக்கலாம் என்று சொன்னாள், அப்படியா என்றார், அந்த அப்படியாவைத்தான் அவள் வீடுவரை சுமந்துகொண்டு போனாள், பாத்திரம் கழுவும்போதும் அதுதான், பல் தேய்க்கும்போதும் அதுதான், அம்பது வயசில் ஒரு அப்படியாவை வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை பாடு படுவாளா...

சரி, இப்போது என்ன செய்வது. நாடாவில் இருப்பது கொஞ்சம்தான், இந்தக் கொஞ்சத்தை வைத்து குறைவு என்று சொன்னால் அது பொய்யில்லை, இன்றைக்குக் குறைவுதான், ஆனால் அவள் சொல்வது இன்றைய கதையை அல்லவே, நாளையும் மறுநாளும் எப்படி என்றுதானே சொல்ல வேண்டும், கீழ்ப் புல்வெளிகளை நேற்று சைக்கிளில் தாண்டி வந்தபோது பார்த்தாளே, கதிர்கள் ஊதாவாக விரிந்து மகரந்தப்பை தொங்கிக்கொண்டு நின்றதை, தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று கிளம்பிவிட்டது, மழைக்கு வழியில்லை, நாளை மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை மாதிரி எழும்பும், இதை அறிய நுண்ணோக்கி எதற்கு... குறைவு என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது, காற்று திசை மாறிவிட்டது என்றால் நம்பிவிடுவார்கள், கணிப்பு என்றால் தப்பத்தானே செய்யும், வானிலைக்காரர்கள் தப்பவில்லையா. எமில் மூன்று நாள் கூட இருப்பார், சூப் சாப்பிடுவார், ஃப்ளுரீனா அவரைக் கேலி செய்வாள், அவர் அதற்குத் தலையைச் சாய்த்துச் சிரிப்பார்... கண் வீங்கியபடி சிரிப்பார், ஏன் வீங்குகிறது, குறைவு என்றுதானே சொன்னாள் என்று ஒரு கணம் யோசிப்பார், யோசித்துவிட்டு அவளை நம்புவார், அதுதான், அவர் அவளை நம்புவார், அவள் வாயிலிருந்து வந்தது தப்பாது என்று தன் மூக்கைச் சந்தேகப்படுவார். அப்புறம் அன்னெத்தா, மேலே ஆல்ப் என்கிற மலை மேய்ச்சல் நிலத்துக் குடிசையில் இந்நேரம் தாமிர அண்டாவில் பால் காய்ச்சிக்கொண்டு வானொலியைத் திறந்து வைத்திருப்பாள், போன வருஷம் மூச்சு முட்டி ஹெலிகாப்டரில் இறக்கிக்கொண்டு வந்தார்களே, அவள் உறிஞ்சுகிற மருந்து குரலைக் கட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறவள், அதனால் செராய்னா சொல்கிற நாள்வரை அதைத் தொடமாட்டாள், நீ சொல்லு, சொன்ன நிமிஷம் எடுத்துக்கிறேன், அதுவரைக்கும் நான் பாடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அப்படி முட்டி மயங்கி விழுந்தவள் பத்து நாளில் திரும்ப மலையேறிப் போய்விட்டாள், பாலாடைக்கட்டி யார் பண்ணுவா என்று கேட்டுக்கொண்டு, என்ன பெண் அவள், இரும்பாலா செய்தது... செராய்னாவுக்குத் தன்மேல் திடீரென்று ஒரு கூச்சம் வந்தது, ஒரு கிண்ணம் சூப்புக்காக அன்னெத்தாவின் மூச்சை மூன்று நாள் கடன் கேட்கிறோமா. தொலைபேசி அடித்தது, வானொலி.

செய்தி முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதன் அடியில் அறிவிப்பாளன் ஜீசெப் குரல் அல்லெக்ரா என்று ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னது, அக்கா, ரெடியா, குரலே சரியில்லயே, உங்களுக்கே அலர்ஜி வந்துருச்சா, வந்துச்சுன்னா சொல்லுங்க, இன்னிக்குத் தலைப்புச் செய்தியே அதுதான்... ஜீசெப்புக்கு வாய் எப்போதும் இப்படி, அவள் சிரிக்கவில்லை, போடா, பாட்ட நிறுத்து முதல்ல என்றாள். பாட்டு நின்றது. பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றிச் சொல்ல செராய்னா நம்முடன் இருக்கிறார் என்று அவன் மேடைப்பேச்சு போல மாறின குரலில் சொன்னான், சிறு கணம், அந்தச் சிறு கணத்தில் மண்டபத்தில் எமில் நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது, ஜன்னல் விளிம்பில் சின்ன வானொலிப் பெட்டி, கையில் சாவி, தலை சாய்ந்திருக்கிறது... வணக்கம், பைன் குறைந்து வருகிறது, அதைப்பற்றிக் கவலை வேண்டாம், புல் வந்துவிட்டது, இன்று குறைவு, ஆனால் நாளை மத்தியானத்திலிருந்து அதிகம், வார இறுதியில் மிக அதிகம், மருந்து எடுக்க வேண்டியவர்கள் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், ஜன்னலைக் காலையிலேயே மூடுங்கள், மேலே ஆல்பில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடிந்தது. அக்கா, என்ன இது, இவ்வளவு சீக்கிரமா, என் மாமனார் நாளைக்குத்தான் மூக்குல மருந்தடிக்க ஆரம்பிக்கறேன்னாரு என்று ஜீசெப் ஒலிபரப்பிலேயே கேட்டான், இன்னிக்கே அடிக்கச் சொல்லு, நாளைக்கு உன்னத்தான் அடிப்பாரு என்றாள், அவன் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டைப் போட்டான், அவள் ரிசீவரை வைத்தாள்.

தகடுகளைப் பெட்டியில் அடுக்கினாள், அங்கியைக் கழற்றினாள், கீழே இறங்கித் தெருவுக்கு வந்தால் ஊர் அவளைவிட வேகம், ரொட்டிக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார், கன்னங்கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தபால்காரி வண்டியில் போனாள், கையை ஆட்டி, நல்ல வேள சொன்னே, என் கண்ணு காலைலயே சொல்லிருச்சு என்று கத்திவிட்டுப் போனாள், யாரும் முனகவில்லை, இந்த ஊரில் பாதிப்பேர் ஆறு வாரம் அழுதுகொண்டேதான் மாடு கறப்பார்கள், கூரை மேய்வார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், போட்டோவில் மாப்பிள்ளை அழுகிறாரே என்றால் புல்லுக்கு அழுறாரு என்பார்கள், அவளுக்கு ஒரு தும்மல்கூட வராது, அது ஒரு குறை மாதிரியே இருக்கும் சில நேரம், படாதவள் பட்டவர்களுக்குச் சொல்வது... ரயிலடிக்குப் போவதா வேண்டாமா. மூன்று வருஷமும் போனதில்லை. போய் நின்று என்ன சொல்வது, மன்னிச்சுக்கோங்க, தென் காத்து அடிச்சிருச்சு என்றா. ஆனால் கால் அந்தப் பக்கம்தான் போயிற்று, சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பது தெரிந்தும், நாளை அதிகம் என்று கேட்டுவிட்டுக் காலை ரயிலிலேயே போய்விட்டால், ஆமாம், அது நடக்கக்கூடியதுதான், நடைமேடையில் சிவப்பு ரயில் நின்றிருந்தது, பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள், தெரியாத முகங்கள், மலைக்குச்சியோடு ஒரு கிழத் தம்பதி, விசில் ஊதிற்று, ரயில் நகர்ந்தது, வளைவில் சிவப்பு மறைந்தது, அவர் அதில் இல்லை, பார்க்காமல் விட்ட பெட்டி ஒன்று இருந்ததோ, கடைசிப் பெட்டி, அதைச் சரியாகப் பார்த்தாளா...

மருந்துக்கடை ரயிலடிக்கு எதிரிலேயே. கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்லா இவளைப் பார்த்துவிட்டு விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டாள், பார்ப்லா கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, அடியே செராய்னா, நல்லா வந்தே, உன்னாலதான் என் கடைல இன்னிக்குக் கூட்டம், இந்தா பாரு, ஒருத்தர் கடையவே வாங்கிட்டுப் போறாரு, கொஞ்சம் எடுத்துச் சொல்லு... மேசைக்கு முன்னால் எமில் நின்றிருந்தார். மூக்கில் அடிக்கிற மருந்து, கண்ணுக்குச் சொட்டு, மாத்திரை, நீச்சல்காரர் மாட்டுகிற மாதிரி பக்கமெல்லாம் மூடின ஒரு கண்ணாடி, எல்லாம் வரிசையாக. இடது கண் லேசாகச் சிவந்திருந்தது, அதற்குள்ளாகவா.

"ரயில் போயிருச்சே" என்றாள், வேறு ஒன்றும் வரவில்லை வாயில்.

"போகட்டும்."

"நாளைக்கு அதிகம். சனிக்கிழமை அதவிட அதிகம். நான் சொன்னதக் கேட்டீங்கதானே?"

"கேட்டேன். நல்லாத்தான் சொன்னே. மேல இருக்கிறவங்களுக்கும் சேத்துன்னு சொன்னே பாரு, அங்கதான் நான் சாவியக் கீழ வெச்சேன்" என்றார், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நீ, அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை, பிறகுதான். "நேத்து நான் லேட்டா வருமான்னு கேட்டது தப்பு. நீ இன்னிக்கு எனக்காக ஒரு வார்த்தை கொறச்சு சொல்லியிருந்தேன்னா நான் ராத்திரியே பெட்டியக் கட்டியிருப்பேன்."

"காது அடைச்சுக்குமே... வேலை?"

"அடைச்சா அடைக்கட்டும். ஆறு வாரம் பியானோவத் தொடலன்னா செத்தா போயிடுவேன்? பாலாடைக்கட்டி பண்ற அம்மா சாகலயே."

"இந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தெருவுல போனீங்கன்னா எங்க ஊரு மாடே மிரளும்" என்றாள் பார்ப்லா, பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே, "பரவால்ல, அழகு பாத்தா இந்த ஊருல யாரும் குடியிருக்க முடியாது. சனிக்கிழம சூப்புல மெளகு போடாதடி, மூக்கு ஒழுகும்."

சனிக்கிழமை சூப்பு இவளுக்கு எப்படித் தெரியும், ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, தெரியாதது போல இருந்திருக்கிறார்கள். வெளியே வந்தார்கள், வெயில் பளீரென்று, தெற்குக் காற்று சட்டைக் காலரைத் தூக்கிற்று, சொன்னபடியே, தப்பாமல்... ஆற்றோரமாக நடந்தார்கள், அவர் இடதுபக்கம் வரவேண்டாம் என்று கையால் காட்டி அவளை வலதுபக்கத்துக்கு மாற்றினார், இந்தக் காது போயிருச்சு, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார், தும்மினார், ஒன்று, இரண்டு, மூன்றாவது தும்மல் பாலத்தின் மேல் வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கரைப் புல்வெளியைப் பார்த்தார், காற்றில் அது ஊதாவும் பச்சையுமாக நீளமாகப் புரண்டு புரண்டு எழுந்தது, இத நான் நின்னு பாத்ததேயில்ல, பூக்கும்போது எப்பவும் ரயில்லதான் இருப்பேன் என்று சொன்னார், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அதே சாய்ந்த தலை, அதே காத்திருக்கிற முகம், கேட்காத காதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாரே, தன் காதைக் கொண்டுவந்து இந்த ஊரின் காற்றில் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறாரே, இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு பை மருந்து வாங்கின மாதிரி செய்துவிட்டாரே... அவள் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி இடதுபக்கம் போய் நின்றாள், ஏன் போனாள் என்று தெரியவில்லை, ஆற்றிலிருந்து சாரல் வந்தது, அதனால் இருக்கும். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது, நெஞ்சு முட்ட இருந்தது, ஆனால் அதன் அடியில் ஏதோ ஒன்று குளிர்ந்து கிடந்தது, என்ன அது, பயமா, மூன்று வருஷமும் அவர் போன அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றி, தனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அழுகை வரும் என்று காத்திருந்தாளே, வந்ததா, வந்தது, ஆனால் அந்தக் காபியும் நன்றாகத்தானே இருந்தது... போ என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இரு என்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, புல் வரும், அவர் போவார், யார் மேலும் குற்றமில்லை, இனி ஆறு வாரம் ஆனபிறகு, புல்லெல்லாம் அறுத்து, காற்று மறுபடி கழுவிவிட்ட மாதிரி ஆனபிறகு, அவரை அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, வைத்துக்கொள்ளவும்.

"எப்போ போவீங்க?" என்று கேட்டாள், மெதுவாக, அவருடைய அடைத்த காதுப் பக்கம் நின்றுகொண்டு.

அவர் திரும்பவில்லை, புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்று தெரிந்துதான் இந்தப் பக்கம் வந்து நின்றோமா என்று செராய்னாவுக்கு அப்போதுதான் தோன்றியது, அந்தக் கேள்வி எதற்கு, அவர் போய்விடக் கூடாதே என்றா, எப்போதாவது போய்விடுவார்தானே என்றா... அதற்குள் அவர் மறுபடி தும்மினார், அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.